பெட் ஷாப் பாய்ஸ்: பாட்டு யாரோடது, சவுண்ட் யாரோடது?

கேள்வி / ஜூலை 4, இரவு 9.10

அண்ணே, ஒரு சந்தேகம், சண்டைக்கு வரல. பெட் ஷாப் பாய்ஸ் (பாடுற நீல் டெனன்ட், கீபோர்டு க்றிஸ் லோன்னு ரெண்டு பேரு இருக்கற இங்கிலாந்து பாப் ஜோடி) ஆல்பத்தை எல்லாம் வரிசையா கேட்டுட்டு வரேன். ப்ரொட்யூசர் மாறுறாரு, சவுண்டும் மாறுது. ஸ்டீபன் ஹேக் இருந்தா ஒரு மாதிரி, ட்ரெவர் ஹார்ன் வந்தா வேற மாதிரி, ஃபால்டர்மேயர் வந்தா மூணாவது மாதிரி. மேடையில க்றிஸ் லோ தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்டுக்கிட்டு ஒரு விரலால கீபோர்டை அமுக்கிட்டு நிக்கிறாரு. அப்போ இந்த ரெண்டு பேரும் பண்ணதுதான் என்ன? மெட்டும் வரியும் மட்டும்தானா? ‘ஃபர்தர் லிஸ்னிங்’னு கூடுதல் டிஸ்க் சேத்து விட்ட ரீஇஷ்யூல டெமோ, அதாவது பாட்டோட மொத கச்சாப் பதிவு, எல்லாம் இருக்காமே, அதைக் கேட்டா தெரிஞ்சுடுமா? அதுலயும் 2001ல வந்ததை வாங்கவா, 2018ல வந்ததை வாங்கவா?

ஜூலை 4, இரவு 11.35

தம்பி, டெமோவுக்கு அப்புறம் வருவோம். நீ கேட்டதுக்கு முக்காவாசி பதில் ஒரே பாட்டுல இருக்கு. வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ். உனக்குத் தெரிஞ்ச வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ் ரெண்டாவது வெர்ஷன். மொதல்ல வந்தது 1984 ஏப்ரல்ல, நியூயார்க்ல பாபி ஓ பண்ணது. நீல் டெனன்ட் அப்போ ஸ்மாஷ் ஹிட்ஸ் பத்திரிகைல வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு, 1983ல போலீஸ் பேண்டை பேட்டி எடுக்க அவரை நியூயார்க் அனுப்புறாங்க, போன இடத்துல தனக்கு உயிரான டிஸ்கோ ப்ரொட்யூசர் பாபி ஆர்லண்டோவையும் போய்ப் பாத்து மதியச் சாப்பாட்டுல உக்காந்து எங்ககிட்ட பாட்டு இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. ஆபீஸ் செலவுல சொந்த வேலை, இதுதான் சாமர்த்தியம்.

அந்த பாபி ஓ வெர்ஷன்ல வேகம் அதிகம், டிரம்ஸ் முன்னாடி வந்து நிக்குது, நீல் குரலும் கூடவே ஓடுது. பெரும்பாலான வாத்தியம் பாபி ஓவே வாசிச்சது. ஆனா கார்டு அதேதான், பேஸ் லைன் அதேதான், பேசுற மாதிரி சொல்லிக்கிட்டே போயி கோரஸ்ல பாட ஆரம்பிக்கிறதும் அதேதான். அமெரிக்கால லாஸ் ஏஞ்சலிஸ், சான் ஃப்ரான்சிஸ்கோ கிளப்புகள்ல ஓடிச்சு, பெல்ஜியம், பிரான்ஸ் பக்கம் கொஞ்சம் ஓடிச்சு, சொந்த ஊர்ல எடுபடல.

1985ல பார்லஃபோன் கம்பெனில சேந்ததும் இதே பாட்டை ஸ்டீபன் ஹேக் கையில குடுக்குறாங்க. ஏன் ஹேக்? மால்கம் மெக்லாரனோட மேடம் பட்டர்ஃப்ளை சிங்கிளை அவர் பண்ணியிருந்தது இவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. ஹேக் செஞ்ச முதல் காரியம் வேகத்தைக் குறைச்சது. அட்விஷன் ஸ்டூடியோ வாசல்ல இறங்கி தெருச் சத்தத்தைப் பதிவு பண்ணிட்டு வந்தாரு, பாட்டு ஆரம்பிக்கும்போது வர்ற வண்டிச் சத்தமும் நடக்குற சத்தமும் அதுதான். நல்ல ஹெட்ஃபோன் போட்டு அந்த முதல் அரை நிமிஷத்தை மட்டும் கேளு. தெரு, காலடி, அதுக்குக் கீழ இருந்து மெதுவா எழும்புற, நீட்டிப் புடிச்ச சிந்தசைசர் சத்தம், அப்புறம் டிரம், கடைசிலதான் பேஸ். யாருக்கும் அவசரமே இல்ல. பாபி ஓ வெர்ஷன்ல இந்தப் பொறுமை கிடையாது, ஆள் ஓடிக்கிட்டே பேசுற மாதிரி இருக்கும். 1986 ஜனவரில இங்கிலாந்துல நம்பர் 1, மே மாசம் அமெரிக்காலயும் நம்பர் 1.

ஆக, ஒரே பாட்டு, ஒரே ரெண்டு ஆளு, ப்ரொட்யூசர் மட்டும் மாறி ஒண்ணு ஓடல ஒண்ணு உலகம் பூரா ஓடிச்சு. இது உன் கட்சிக்கு சாட்சி மாதிரிதான் தெரியும். எனக்கு அப்படித் தெரியல. புள்ளி வெச்சது அவங்க, கம்பி இழுத்தது அவங்க, ஹேக் வந்து கலர் பொடி போட்டாரு. நல்ல கலர், இல்லங்கல. நாளைக்கு எழுதுறேன், தூக்கம் வருது.

ஜூலை 5, காலை 7.20

பஸ்ல இருந்து. நடுவுல ஒருத்தர் ‘ஆப்பர்சூனிட்டீஸ்’ பாட்டும் ட்ரெவர் ஹார்ன் பண்ணதுன்னு எழுதியிருக்காரு. கிடையாதுங்க. அது ஜே. ஜே. ஜெக்சாலிக்கும் நிக்கலஸ் ஃப்ரூமும் பண்ணது. ஜெக்சாலிக் ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குரூப் ஆளு, ஹார்ன் கூட்டத்துல ஃபேர்லைட் (சத்தத்தைப் பதிஞ்சு வெச்சு கீபோர்டுல வாசிக்கற சாம்ப்ளர் மெஷின்) ஓட்டினவரு, அதனால குழப்பம் வந்திருக்கும். 1985ல சிங்கிளா வந்து 116ஆவது இடம். சந்தோஷமா இருந்திருப்பாங்க. அப்புறம் அதே டேப் மேல ஹேக் கொஞ்சம் பூசி ஆல்பத்துல சேத்து 1986ல திரும்ப விட்டப்போ ஓடிச்சு. ஒரிஜினல் 12 இன்ச் மிக்ஸ் (கிளப்புக்காக நீட்டின வெர்ஷன்) முதல் ஆல்பம் ப்ளீஸ் ரீஇஷ்யூவோட ரெண்டாவது டிஸ்க்ல இருக்கு.

ஜூலை 5, மதியம் 1.15

க்றிஸ் லோ ஒரு விரல் விஷயம். இதை எத்தனை பேரு எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கீங்க. அந்த ஆள் ப்ளாக்பூல்ல ஜாஸ் பேண்டுல ட்ராம்போன் வாசிச்சவரு, பியானோல உக்காந்து மெட்டுப் போடுறவரு. லிவர்பூல் யுனிவர்சிட்டில கட்டிடக்கலை படிச்சாரு, மில்டன் கீன்ஸ்ல ஒரு மாடிப்படி அவர் டிசைன் பண்ணதுன்னு சொல்லுவாங்க. நீல்தான் கிதார், செல்லோ தெரிஞ்சவரு, அவருதான் கோர்க் எம்எஸ்-10 சிந்த் ஒண்ணு வாங்கி வெச்சிருந்தாரு. ரெண்டு பேரும் 1981 ஆகஸ்ட்ல லண்டன் கிங்ஸ் ரோட்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைல சந்திச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் காம்டன்ல ஒரு சின்ன ஸ்டூடியோல போயி பாட்டு மேல பாட்டு பதிவு பண்ணாங்க. ‘ஜெலஸி’ 1982லயே எழுதின பாட்டு, வந்தது 1990ல, ஃபால்டர்மேயர் பண்ண ஆல்பத்துல. ‘இட்ஸ் எ சின்’ பாபி ஓ காலத்துலயே டெமோவா இருந்தது, வந்தது 1987ல. எட்டு வருஷம் பெட்டிக்குள்ள இருந்த பாட்டுக்கு ஹரால்ட் ஃபால்டர்மேயரா தகப்பன்?

மேடையில அசையாம நிக்கறது ஒரு ஸ்டைல். மத்தவங்க எல்லாம் குதிக்கிறாங்க, நான் குதிக்க மாட்டேன். அவ்வளவுதான்.

ஜூலை 5, இரவு 10.50

இப்போ டெமோ. இன்ட்ரோஸ்பெக்டிவ் ஆல்பத்தோட ஃபர்தர் லிஸ்னிங் டிஸ்க்தான் இதுக்கு வசதியானது, டெமோ அதுல நெறைய இருக்கு. ‘டோமினோ டான்சிங்’ டெமோ, ‘டான் வான்’ டெமோ, அப்புறம் மத்தவங்களுக்காக எழுதின சில பாட்டுக்கு நீல் பாடின டெமோ.

மொதல்ல அதே ஆல்பத்துல இருக்கற ‘லெஃப்ட் டு மை ஓன் டிவைசஸ்’ பாட்டை எடுத்துக்கோ. ஆல்பத்துல எட்டு நிமிஷத்துக்கு மேல ஓடும். ட்ரெவர் ஹார்னும் ஸ்டீபன் லிப்சனும் பண்ணது. ரிச்சர்ட் நைல்ஸ் எழுதின ஆர்கெஸ்ட்ரா, சாலி பிராட்ஷான்னு ஒரு ஆபரா பாடகி வேற. மொத தடவை கேக்கறப்போ ஏதோ சினிமா டைட்டில் ஓடுற மாதிரி வயலின் எல்லாம் சுத்தி வரும், அதுக்கு நடுவுல டிஸ்கோ பீட் தொபுக்குனு விழும். இது முழுக்க ட்ரெவர் ஹார்ன் மூளைதான்னு நானும் ரொம்ப நாள் சத்தியம் பண்ணுவேன்.

இதுக்கு டெமோ அந்த டிஸ்க்ல கிடையாது, அதனால வயலினையும் ஆபரா அம்மாவையும் மனசுக்குள்ள கழிச்சுட்டுக் கேளு. மிச்சம் சிந்த், டிரம், நீல் குரல். ஆனா பாட்டு அங்கயே இருக்கு. காலைல எந்திரிச்சு டீ குடிச்சு போன் பேசி கடைக்குப் போயி வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒருத்தன் தன் நாளைச் சொல்லிக்கிட்டே போறான்ல, அந்தத் தொனி அப்படியே இருக்கு. பேச்சுல இருந்து கோரஸுக்குத் தாவுற இடம் இருக்கு. அந்தத் தாவலைக் கேட்டாலே இங்க ஏதோ பெருசா வரணும்னு தோணுது. அந்தக் காலி இடத்தை ஹார்ன் கண்டுபிடிக்கல, அது அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்தது. இதுதான் நான் சொல்ல வர்றது. இவங்க டெமோ கேக்கறப்போ எல்லாம் எங்க இடம் விட்டிருக்காங்கன்னுதான் நான் கவனிப்பேன்.

‘ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்’ டெமோவையும் கேளு, அது ரெண்டாவது ஆல்பம் ஆக்சுவலியோட ரீஇஷ்யூல இருக்கு. எல்விஸ் இறந்து பத்து வருஷம் ஆனப்போ ஐடிவி ஒரு நிகழ்ச்சிக்காகக் கூப்பிட்டதால பண்ண பாட்டு. டெமோலயே சோகப்பாட்டு ஆட்டப்பாட்டா மாறிடுச்சு. யாரும் சொல்லிக்குடுக்கல. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நம்பர் 1 அதான், போக்ஸ் பேண்டோட ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்கைப் பின்னால தள்ளிட்டு. அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்னு என் ரூம்மேட் ஒருத்தன் இன்னும் சொல்லிட்டுத் திரியறான்.

ஜூலை 6, இரவு 8.05

நேத்து எழுதினதுக்கு நானே ஒரு எதிர்க்கேள்வி போட்டுக்கறேன். டோமினோ டான்சிங்.

டெமோவைக் கேட்டுட்டு ஆல்பம் வெர்ஷனைக் கேட்டேன். இங்க நான் சொன்ன ‘கலர் பொடி மட்டும்’ கதை முழுசா நிக்கல. இந்தப் பாட்டை மயாமிக்குக் கொண்டு போயி லூயிஸ் மார்ட்டினேகிட்ட குடுத்தாங்க. எக்ஸ்போசேன்னு ஒரு பொண்ணுங்க குரூப்பை மேல கொண்டு வந்த ஆளு, லத்தீன் ஃப்ரீஸ்டைல்ங்கற டான்ஸ் இசை அவரோட பேட்டை. ப்ராஸ், பியானோ, கிதார் எல்லாம் அங்க உள்ள ஆளுங்க வாசிச்சது. டெமோல மனசுக்குள்ள புழுங்கற பாட்டு, மயாமி போனதும் வெயில்ல நிக்கிற பாட்டாயிடுச்சு. புழுக்கம் போகல, ஆனா வெயிலும் சேந்துக்கிச்சு. அந்த வெயில் லண்டன்ல உக்காந்தா வராது.

ஆனா யோசிச்சுப் பாத்தா, மயாமி போகணும்னு முடிவு பண்ணது யாரு? அந்த ஃப்ரீஸ்டைல் ரெக்கார்டு எல்லாம் வாங்கிக் கேட்டுட்டு இதுக்கு இவருதான் சரின்னு ஆளைத் தேடிப் போனது இவங்கதான். பாபி ஓ அப்படித்தான், ஹேக் அப்படித்தான். அதே ஆல்பத்துல ‘ஐ வான்ட் எ டாக்’ பாட்டை ஃபிராங்கி நக்கிள்ஸ்கிட்ட குடுத்தாங்க. அது 1987ல ‘ரென்ட்’ சிங்கிளுக்குப் பின்பக்கம் போட்ட குட்டிப் பாட்டு, நாய் வேணும், சின்ன வீடு, பூனை வேண்டாம்ங்கற ரேஞ்ச்ல போகும். சிகாகோ ஹவுஸ்ங்கற கிளப் டான்ஸ் இசைக்கே தலைவன் மாதிரி ஒருத்தர் கையில அதைக் குடுத்தா என்ன ஆகும்னு யாருக்குத் தோணும்? இவங்களுக்குத் தோணிச்சு. அந்த பியானோ வர்ற இடத்துக்காகவே நான் அந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் போடுவேன்.

ப்ரொட்யூசர் தேர்வும் எழுத்துல சேர்த்தின்னு வெச்சுக்கோ. ரசிகனா இருந்து ரசிகனாவே ஆள் எடுக்கறாங்க. பத்திரிகைக்காரன் புத்தி அது, நீலுக்கு எவன் எங்க என்ன பண்றான்னு விரல் நுனில இருக்கும்.

ஜூலை 6, இரவு 8.30

இன்னொண்ணு, ‘லவ் கம்ஸ் க்விக்லி’ பாட்டுல எழுதினவங்க பேர்ல ஹேக் பேரும் இருக்கு. அதை மறைக்க விரும்பல. கலர் பொடி போட வந்தவரு அங்க கோலமே போட்டிருக்காரு.

ஜூலை 7, காலை 6.45

‘சபர்பியா’ பத்தி கேட்டவருக்கு: ஆமா, ஆல்பம் வெர்ஷன் வேற சிங்கிள் வேற. ப்ளீஸ்ல இருக்கறது ஹேக் பண்ணது, அடக்கமா இருக்கும். சிங்கிளுக்கு ஜூலியன் மெண்டல்சன்கிட்ட போயி திரும்பப் பதிவு பண்ணாங்க, அதுலதான் நாய் குரைக்கும், கண்ணாடி உடையும், ஊரே பத்திக்கிட்டு எரியற மாதிரி இருக்கும். ரீஇஷ்யூல ‘ஃபுல் ஹாரர்’னு நீளமான வெர்ஷன் இருக்கு. எங்க தெரு நாய் அதைக் கேட்டுட்டு பதில் குரைச்சது ஒரு தடவை, அன்னையிலிருந்து ஸ்பீக்கர்ல போடறதில்ல.

ஜூலை 8, இரவு 11.20

பிஹேவியர் ஆல்பம். இதை எழுதாம இந்தப் பேச்சு முடியாது.

1990. ஊரெல்லாம் ஹவுஸ், எல்லாரும் சாம்ப்ளரைத் தூக்கிட்டுத் திரியறாங்க, எல்லா ரெக்கார்டும் ஒரே பியானோ சவுண்டு. இவங்க அதுக்கு நேர் எதிரா, பழைய அனலாக் சிந்த் வெச்சிருக்கற ஆள் யாருன்னு பாத்து மியூனிக் போயி ஹரால்ட் ஃபால்டர்மேயர் வாசல்ல நிக்கிறாங்க. பெவர்லி ஹில்ஸ் காப் படத்துல ஆக்சல் எஃப் ட்யூன் போட்டவரு. அவர்கிட்ட இருந்து அந்த மாதிரி துள்ளலை எதிர்பாத்தா, வந்தது இவங்களோட ரொம்ப மெதுவான, ரொம்ப சோகமான ஆல்பம். சாம்ப்ளர்ல ஒரு நோட்டை எத்தனை தடவை அமுக்கினாலும் அச்சு அசலா அதேதான் வரும். பழைய அனலாக் மெஷின்ல ஆசிலேட்டர், அதாவது சத்தத்தை எழுப்புற சர்க்யூட், சூடு ஏற ஏற ஸ்ருதி லேசா நகரும், ரெண்டு ஆசிலேட்டர் சேந்தா ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே இருக்கும். பிஹேவியர்ல நீட்டிப் புடிக்கற கார்டு எல்லாம் மூச்சு விடற மாதிரி இருக்கே, அது அதனாலதான்.

‘பீயிங் போரிங்’ ஆரம்பத்துல ஊஊன்னு ஒரு சத்தம் வரும்ல? அது சிந்த் இல்ல. பிளாஸ்டிக் குழாய். ஆல்பத்து கிரெடிட்ல டாமினிக் கிளார்க், பிளாஸ்டிக் குழாய்னே போட்டிருக்கும். வாத்தியக்காரங்க லிஸ்ட்ல ஜானி மாருக்கு கிதார், இவருக்குக் குழாய். எனக்கு இந்த லிஸ்ட்டைப் படிக்கறதுல இருக்கற சந்தோஷம் சில பேரு பாட்டைக் கேக்கறதுல கூட கிடைக்காது.

‘மை அக்டோபர் சிம்பனி’ல பாலனெஸ்கு குவார்டெட் வாசிக்குது. ‘ஒன்லி த விண்ட்’ பாட்டுக்கு வயலின் எழுதினது ஏஞ்சலோ பாடலமென்டி, ட்வின் பீக்ஸுக்கு இசை போட்டவரு. இவரு இவங்களுக்குப் புதுசு இல்ல, 1987லயே ஆக்சுவலில ‘இட் குடின்ட் ஹேப்பன் ஹியர்’ பாட்டுக்கு அரேஞ்ச் பண்ணியிருக்காரு, அந்தப் பாட்டுல எழுதினவங்க பேர்ல எனியோ மாரிகோனியும் உண்டு.

பீயிங் போரிங் இங்கிலாந்துல 20ஆவது இடத்தோட நின்னுடுச்சு. இன்னைக்கு ரசிகனைக் கேட்டா பாதி பேரு அதைத்தான் முதல்ல சொல்லுவான். சார்ட்டைப் பாத்து பாட்டை எடை போடறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

ஜூலை 9, இரவு 9.40

பீயிங் போரிங் குழாய்ச் சத்தம் வீட்டுலயும் வருமான்னு பாத்தேன், ரிசல்ட் இதோ. வாஷிங் மெஷின் தண்ணி வெளிய போற பைப் பழசு ஒண்ணு கிடந்தது, வளைய வளையமா மடிப்பு இருக்கும்ல அந்த டைப். மொட்டை மாடில நின்னு ஒரு முனையைப் புடிச்சுத் தலைக்கு மேல சுத்தினேன். வருது. நிஜமா வருது! மெதுவா சுத்தினா ஒரு ஸ்ருதி, வேகமா சுத்தினா வழுக்கிட்டுப் போகாம டக்குனு அடுத்த ஸ்ருதிக்குத் தாவுது, நடுவுல எதுவும் கிடையாது. மடிப்பு மேல காத்து ஓடறதால வர்ற சத்தம், மடிப்பில்லாத தோட்டத்து ஹோஸ்ல வராது, அதையும் பாத்தாச்சு. பைப்ல மிச்சம் இருந்த அழுக்குத் தண்ணி காயப்போட்ட துணி மேல தெளிச்சுடுச்சு. அம்மா கேட்டதுக்கு ரெக்கார்டிங் பண்றேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அம்மா பேசினது இந்தப் பக்கத்துக்கு ஆகாது.

ஜூலை 10, இரவு 10.15

சரி, ரீஇஷ்யூ. தம்பி மூணாவது தடவையா கேட்டுட்டான்.

2001ல முதல் ஆறு ஆல்பத்தையும் ரெட்டை சிடியா விட்டாங்க: ப்ளீஸ், ஆக்சுவலி, இன்ட்ரோஸ்பெக்டிவ், பிஹேவியர், வெரி, பைலிங்குவல். ரெண்டாவது டிஸ்க்தான் ஃபர்தர் லிஸ்னிங். பி-சைடு, 12 இன்ச், டெமோ, வெளிவராத வெர்ஷன். 2009ல ஒத்தை டிஸ்க்கா அந்த ரீமாஸ்டரை (பழைய டேப் ஒலியைத் திரும்பச் சரிபண்ண பதிப்பு) மலிவா விட்டாங்க, அதுல டெமோ கிடையாது, பழைய சிடிக் கடைல பாத்து ஏமாந்துடாத. 2017ல நைட்லைஃப், ரிலீஸ், ஃபண்டமென்டல், யெஸ், எலிசியம்னு பின்னாடி வந்ததுக்கு ஃபர்தர் லிஸ்னிங் வந்தது. 2018ல பழைய ஆறையும் திரும்ப ரீமாஸ்டர் பண்ணி விட்டாங்க.

2001ஐ ஏன் விடாம வெச்சிருக்கேன்னா, அந்த புக்லெட். க்றிஸ் ஹீத் இவங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு பாட்டுக்குப் பாட்டு பேச வெச்சிருப்பாரு. ஒருத்தரை ஒருத்தர் மறுத்துக்கிட்டு, கிண்டல் பண்ணிக்கிட்டு, இந்த பாட்டு எனக்கு எப்பவுமே பிடிக்காதுங்கற அளவுக்குப் போவாங்க. கம்பெனி எழுதிக் குடுக்கற புகழாரம் இல்ல அது. நான் சாப்பிடறப்போ பக்கத்துல வெச்சுப் படிச்சு ஒரு பக்கம் எண்ணெய்க் கறையோட இருக்கு.

சத்தம் எப்படின்னா, என் காதுக்கு: எண்பதுகள்ல வந்த முதல் சிடி மெல்லிசா இருக்கும், பேஸ் கொஞ்சம் கம்மி, ஆனா நடுவுல காத்தோட்டம் இருக்கும். வால்யூமைக் கூட்டி வெச்சா அதுதான் அழகு. 2001 சத்தம் ஜாஸ்தி, தடிமனா இருக்கும், பஸ்ல இயர்போன்ல கேக்க நல்லா இருக்கும், வீட்டுல பெரிய ஸ்பீக்கர்ல ஒரு முழு ஆல்பம் கேட்டா காது அசந்துடும். ஆடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸோட முதல் சிடி ஃபைலையும் 2001 ஃபைலையும் மேலயும் கீழயும் வெச்சுப் பாத்தேன், மேல சீப்பு மாதிரி பல்லு பல்லா தெரிஞ்சது கீழ இன்னும் நெரிசலா, உயரமா இருக்கு. அந்தத் தெருச் சத்தம் மெதுவா ஆரம்பிக்கறதுதானே பாட்டுக்கே உயிரு? அது பக்கத்துல வந்துட்டா பின்னாடி பேஸ் விழறதோட அடி குறையுது. 2018 எனக்கு ஓகே. சண்டை போட்டுக்கறவங்க போட்டுக்கோங்க.

புதுசா ஆரம்பிக்கறவன் 2018 வாங்கு, ஆசை இருந்தா பழைய 2001 கிடைக்குதான்னு தேடு. சும்மா டெமோ மட்டும் கேக்கணும்னா ஸ்ட்ரீமிங்லயே இருக்கு, காசை மிச்சம் பண்ணு.

ஜூலை 10, இரவு 10.40

ஒரு மனக்குறை. ப்ளீஸ் ரீஇஷ்யூல பாபி ஓ பண்ண வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ் கிடையாது. எங்க கதை ஆரம்பிச்சதோ அந்தப் பாட்டே இல்லாத ‘முழுமையான’ செட்! பாபி ஓகிட்ட இருந்து காண்ட்ராக்ட்டைப் பிரிச்சுக்கிட்டு வர்றதுக்கு பின்னாடி வரப்போற ராயல்டில இருந்து 10 லட்சம் டாலர் வரைக்கும் அவருக்குப் போகும்னு ஒத்துக்கிட்டுதான் வந்தாங்க. ‘ஒன் மோர் சான்ஸ்’ அவர்கூட வந்த ரெண்டாவது சிங்கிள், அது ஆக்சுவலில வேற உருவத்துல வந்தது. அந்த நியூயார்க் டேப்பெல்லாம் ஒழுங்கா ஒரு டிஸ்க்கா வந்தா தம்பி கேட்ட கேள்விக்கு இவ்வளவு நீட்டி எழுத வேண்டியதே இல்ல.

ஜூலை 12, மதியம் 3.30

அடுத்தவங்களுக்கு எழுதின பாட்டு டெமோ பத்தி ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. ‘நத்திங் ஹேஸ் பீன் ப்ரூவ்ட்’, ஸ்கேண்டல் படத்துக்காக டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்ட் பாடினது, 1989. ‘சோ சாரி, ஐ செட்’ லைசா மினெல்லி ஆல்பத்துக்கு. ரெண்டுக்குமே நீல் பாடின டெமோ இன்ட்ரோஸ்பெக்டிவ் செட்ல இருக்குங்க அக்கா.

டஸ்டி பாட்டை டெமோல கேக்கறப்போ ஒரு விஷயம் தோணிச்சு. நீல் குரல் செய்தி வாசிக்கிற மாதிரி, யாரு என்ன பண்ணாங்கன்னு அடுக்கிக்கிட்டே போறாரு, பத்திரிகை ஆபீஸ்ல உக்காந்து ஃபைலைப் புரட்டுற ஆளு. டஸ்டி அதே வரியைப் பாடினா அந்த வீட்டுக்குள்ள இருந்தவங்க பேசற மாதிரி ஆயிடுது. வரி மாறல, மெட்டு மாறல. இதுக்கு ப்ரொட்யூசர் என்ன பண்ண முடியும்? இந்த டஸ்டியைத்தான் ‘வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்’ பாட்டுக்காக முதல் ஆல்பத்துலேர்ந்தே துரத்திக்கிட்டு இருந்தாங்க, கிடைக்கலன்னதும் வேற பாடகிய வெச்சு முடிக்காம பாட்டையே நிறுத்தி வெச்சு ரெண்டாவது ஆல்பத்துல போட்டாங்க. ஆளுக்காகப் பாட்டு காத்திருக்கு பாருங்க, இவங்ககிட்ட அடிக்கடி நடக்குது இது.

ஜூலை 13, இரவு 12.05

‘கோ வெஸ்ட்’ முதல்ல 1992ல மான்செஸ்டர் ஹாசியெண்டா கிளப்ல எய்ட்ஸ் நிதிக்காக நடந்த கச்சேரில பாடினது, வில்லேஜ் பீப்பிள் பாட்டு. அந்த வருஷமே சிங்கிளா விட நெனச்சு விடல. 1992 12 இன்ச் மிக்ஸ் வெரி ரீஇஷ்யூல இருக்கு. அதைக் கேட்டுட்டு 1993 வெர்ஷனைக் கேட்டா ஆண்கள் கோரஸ் எவ்வளவு பெருசாயிருக்குன்னு தெரியும். இடையில ஒரு வருஷம் அதை ஆறப்போட்டது நல்லதாப் போச்சு. வெரியை ப்ரொட்யூஸ் பண்ணது இவங்களே, மிக்ஸுக்கு ஹேக். தம்பி, இதை ஏன் நான் மொதல் நாளே சொல்லல? இங்கிலாந்து ஆல்பம் சார்ட்ல இவங்களுக்கு நம்பர் 1 வாங்கிக் குடுத்த ஒரே ஆல்பம் இவங்களே ப்ரொட்யூஸ் பண்ணது. உன் கேள்வி அங்கயே படுத்துடுச்சு.

டானியல் வைல் டிசைன் பண்ண அந்த ஆரஞ்சு கலர் புடைப்பு புடைப்பா இருக்கற சிடி கேஸ், பாத்தா லீகோ மாதிரி, மத்த சிடிகூட அடுக்கினா எப்பவும் துருத்திக்கிட்டு நிக்கும். என்னோடதுல ஒரு பல்லு உடைஞ்சு போச்சு, சாதா கேஸ் மாதிரி மாத்தவும் முடியாது. அழகா டிசைன் பண்றவங்க எல்லாம் வீடு மாத்தறப்போ சாமான் தூக்கினதே இல்ல போல.

ஜூலை 13, காலை 9.00

தம்பி ‘அப்போ ப்ரொட்யூசர் வேணவே வேணாங்கறீங்களா’ன்னு கேட்டிருக்கான். வேணும்டா. வெரி நல்ல ஆல்பம்தான், ஆனா என்னைக் கேட்டா பிஹேவியருக்கு ஒரு படி கீழ. தாங்களே செஞ்சப்போ எல்லா இடத்தையும் ரொப்பிட்டாங்க, ஒரு நிமிஷம் மூச்சு விட முடியல, நிறம் நிறமா வந்துக்கிட்டே இருக்கும். வெளியாள் ஒருத்தர் இருந்தா இவங்க விட்டு வெக்கறாங்க. 2013ல ஸ்டூவர்ட் ப்ரைஸ்கூட எலெக்ட்ரிக் பண்ணப்போ அது திரும்ப வந்தது, அவரு தேவையில்லாததை எடுத்து வெளிய போடற ஆளு. 2024ல நான்தலெஸ் ஆல்பத்துக்கு ஜேம்ஸ் ஃபோர்ட், அதுல ஆர்கெஸ்ட்ரா நெறைய, பிஹேவியர் ஞாபகம் வந்தது எனக்கு.

கேக்க வேண்டிய வரிசை சொல்றேன்: மொதல்ல லெஃப்ட் டு மை ஓன் டிவைசஸ் ஆல்பம் வெர்ஷன். அப்புறம் டோமினோ டான்சிங் டெமோ, ஆல்பம். அப்புறம் ரெண்டு வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ், 1984 மொதல்ல. கேட்டுட்டு என்ன தோணுதுன்னு எழுது, எனக்கு எதிராத் தோணினாலும் எழுது.

ஜூலை 14, இரவு 8.20

ரிலென்ட்லெஸ் பத்தி விட்டுப்போச்சு. 1993ல வெரிகூட லிமிடெட் எடிஷன்ல சேத்து விட்ட ஆறு டான்ஸ் ட்ராக். 2001 ரீஇஷ்யூல அதைச் சேக்கல, இத்தனை வருஷம் கையில வெச்சிருந்தவன் ராஜா மாதிரி திரிஞ்சான், 2023லதான் தனியா வந்தது. வினைல் யார்கிட்டயாவது இருந்தா எப்படி இருக்குன்னு சொல்லுங்க. எவ்வளவுக்கு வாங்கினீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, வீட்டுல இந்தப் பக்கத்தைப் படிக்கறாங்க.